சம்பந்தி மாற்றிய பிரேக்

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்பது இன்ஸ்பெக்டருக்குச் சில நாட்களாகவே தெரியும். நேற்றிலிருந்து இரும்பை இரும்பு தின்கிற சத்தமும் சேர்ந்துகொண்டது. பேருந்துப் பணிமனையில் வண்டிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராய் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தச் சத்தத்தோடு ஒரு வண்டி பணிமனை கேட்டை நெருங்கினால், டிரைவர் காலில் விழுந்தாலும் வெளியே விடமாட்டார். இன்று தன் வீட்டு வாசலில், தன் காரின் முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, ரிம்மின் இடுக்கு வழியே பிரேக் டிஸ்க்கைத் தடவிப் பார்த்தார். விரல் நுனி வரி வரியாய்ப் பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"என்ன அத்தான், வண்டிக்கு நாடி பாக்கறீங்களா?"

பின்னால் மச்சான் நின்றிருந்தான். மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன். வாய் மட்டும் எப்போதும் டாப் கியரில்தான் இருக்கும்.

"ஒண்ணுமில்ல. தூசி."

"தூசி இப்படி அலறுமா? நேத்து தெருமுனைல திரும்பும்போதே கேட்டுச்சு. பிரேக் பேட் சுத்தமாத் தீந்து, அதோட இரும்புத் தகடு டிஸ்க்குல உரசுது. இனிமே பேட் மட்டும் போட்டா பத்தாது, டிஸ்க்கையும் சேத்து மாத்தணும். இந்தப் பேட் போட்டே ரொம்ப நாள் ஆகலையே?"

இன்ஸ்பெக்டர் விரல் கரியைத் துடைத்தார். எப்போது போட்டது என்பதல்ல, யார் போட்டது என்பதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

போட்டவர் சம்பந்தி. மகளைக் கொடுத்த வீடு மலைச் சாலையின் உச்சியில் இருந்தது. வீட்டின் முன்பகுதியே சம்பந்தியின் ஒர்க்‌ஷாப். போன மழைக்காலத்தில் அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேட் மாற்றினார். டிஸ்க் தேய்ந்திருப்பதை அன்றைக்கே இருவரும் பார்த்தார்கள். "இது இன்னும் ரொம்ப காலம் தாங்கும் சம்பந்தி, என் வாக்கு," என்றார் அவர், வேலையாட்கள் அத்தனை பேரும் கேட்க. அந்த வாக்கை நம்பித்தான் புதுப் பேட் பழைய டிஸ்க்கோடு சேர்ந்தது. மேடு பள்ளமான டிஸ்க் அதை அரைத்துத் தீர்த்துவிட்டது.

சம்பந்தியிடம் போய்ச் சத்தம் வருகிறது என்று சொன்னால், அவர் கைவேலையை அவர் ஆட்கள் முன்னால் குற்றம் சொன்னதாகும். வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போவது அதைவிட மோசம். அவசரத்துக்கு வெளியாளிடம் பஞ்சர் ஒட்டிய சொந்தத் தம்பியோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாத மனிதர் அவர். அந்தக் கோபம் யார் தலையில் வந்து விடியும்? கைக்குழந்தையோடு அந்த வீட்டில் வாழும் மகள் தலையில்.

"இன்னிக்குத்தானே பாப்பாவையும் அவ குழந்தையையும் கூட்டிட்டு வரப் போறீங்க?" மச்சானின் சிரிப்பு போய்விட்டது. "இதுலயா மலை இறங்கப் போறீங்க? வேண்டாம் அத்தான். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கான். மதியத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துருவான். யாருக்கும் தெரியாது."

"அந்த வீட்டுக்குத் தெரியாம இந்த வண்டில ஒரு நட்டு திரும்பாது. நான் கியர்லயே இறக்கிக்குவேன். போய் வேலையப் பாரு."

"மலைக்கு உங்க மரியாதையெல்லாம் தெரியாது அத்தான்."

"வாய மூடுடா."

பையோடு வெளியே வந்த மனைவி, "என்னங்க சத்தம்?" என்றாள்.

"உன் தம்பி."

ஏறும்போது தொல்லையில்லை. மேடே வண்டியைப் பிடித்து நிறுத்தியது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அவர் கை ரேடியோவின் ஒலியைக் கூட்டியது. "பாட்டுன்னாலே உங்களுக்கு ஆகாதே?" என்று மனைவி ஒரு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஈரச் சாலையின் ஓரம் முடிந்த இடத்தில் வெறும் ஆகாயம் தொடங்கியது.

ஒர்க்‌ஷாப் தெரிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை அதன் போக்கில் ஓயவிட்டு, கைப்பிரேக்கை இழுத்தார். கடைசியில் பிரேக்கில் ஒரே ஒரு தொடல் தேவைப்பட்டது. 'கிரீச்'. ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த ஆள் தலையை நீட்டிப் பார்த்தான்.

சம்பந்தி கழிவுத்துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். முன் சக்கரத்தின் ரிம்மில் கரித்தூளாய்ப் படிந்திருந்த இரும்புப் பொடியின் மேல் அவர் கண் ஒரு கணம் நின்றது.

"வாங்க சம்பந்தி. வண்டி எப்படி ஓடுது?"

வேலையாட்களின் சுத்தியல் சத்தம் ஓய்ந்திருந்தது.

"உங்க கை பட்ட வண்டிக்கு என்ன குறை?"

"அதானே!"

இருவரும் சிரித்தார்கள். அதன்பின் இருவருமே அந்தச் சக்கரத்தின் பக்கம் திரும்பவில்லை.

சாப்பாடு முடிந்து மகள் குழந்தையோடு பின் சீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். சம்பந்தி குனிந்து பேரனின் கன்னத்தைத் தொட்டார். கதவைச் சாத்திய பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"மெதுவாப் போங்க," என்றார்.

அவர் இதற்கு முன் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. இப்போதுகூடச் சொல்லிவிடலாம் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. சாவியைத் திருப்பினார்.

இரண்டாவது கியரில் இஞ்சின் முனகியபடி வண்டி இறங்கியது. முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார். சக்கரம் கதறியது, ஸ்டியரிங் கையைவிட்டுத் துள்ளியது. பெடல் போகக்கூடாத ஆழத்துக்குப் போனது. கருகல் வாடை உள்ளே வந்தது.

"அப்பா, என்ன சத்தம் இது?"

எதிரே வளைவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி ஏறி வந்தது. ஒரு பக்கம் லாரி, அதற்கப்பால் பள்ளம். அவர் முதல் கியருக்குத் தள்ளி, வண்டியை மலைப்பக்கச் சுவரோடு சேர்த்து உரசவிட்டு, கைப்பிரேக்கை முழுப் பலத்தோடு இழுத்தார். பக்கக் கண்ணாடி பிய்ந்து பறந்தது. வண்டி நின்றது. லாரி ஹாரனை அலறவிட்டபடி கடந்து போனது. சக்கரத்திலிருந்து புகை எழுந்தது. குழந்தை வீறிட்டது.

மகள் குழந்தையை அணைத்தபடி இறங்கினாள். பின்னாலேயே அம்மாவும் இறங்கினாள்.

"வரும்போதே இந்தச் சத்தம் இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு."

"தெரிஞ்சேவா எங்கள ஏத்துனீங்க?"

"உனக்காகத்தாம்மா. உங்க மாமனார் காதுக்குப் போனா உன்னை..."

அவர் முடிப்பதற்குள் மேலேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. சம்பந்தி ஓடி வந்துகொண்டிருந்தார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியது.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?"

மகள் அவரையே பார்த்தாள். "யாரும் போன் பண்ணலையே மாமா. எப்படி வந்தீங்க?"

அவர் புகைகிற சக்கரத்தைப் பார்த்தார்.

"கேட்லயே நின்னு கேட்டுட்டு இருந்தேன்."

"அப்ப உங்களுக்கும் தெரியுமா?"

"வரும்போதே தெரியும்மா." குரல் தாழ்ந்தது. "அவர் வாயால வரட்டும்னு பாத்தேன். என் ஆளுங்க முன்னாடி நானே எப்படி..."

இன்ஸ்பெக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது போலிருந்தது. குடும்ப மானத்தைக் காக்கிறேன் என்று தான் ஒரு வாரமாகக் கட்டிக்கொண்டு திரிந்த அதே நினைப்பு, அங்கேயும் அதே முறுக்கோடு நின்றது. அந்த மானம் யாருக்காகவோ அந்தக் குழந்தை சாலையோரத்தில் அம்மா தோளில் அழுதுகொண்டிருந்தது.

"டிஸ்க் போச்சு சம்பந்தி," என்றார் இன்ஸ்பெக்டர். "அன்னிக்கே மாத்தியிருக்கணும்."

"ஆமா. மாத்தியிருக்கணும். நான்தான்..."

மகள் இருவரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கியபடியே பையை எடுத்துக்கொண்டு, சாலை ஓரத்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அம்மா பின்னால் ஓடினாள்.

"எந்தப் பக்கம் போற பஸ்ஸுடி?"

"எது முதல்ல வருதோ அதுல."

இன்ஸ்பெக்டர் எட்டிப் போய்ப் பையை வாங்கக் கை நீட்டினார். அவள் அதைத் தோள் மாற்றிக்கொண்டாள்.