இடது பக்கக் கதவு

சினிமா விளக்குக்கு நாலு பக்கமும் தகரக் கதவு உண்டு. எதைத் திறக்கிறோம், எதை மூடுகிறோம் என்பதில்தான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக டைரக்டர் கையைத் தூக்கினால் திறப்பேன், இறக்கினால் மூடுவேன். பழக்கிய நாய்கூட என்னிடம் பிச்சை வாங்க வேண்டும்.

பல்பை வெறுங்கையால் தொடாதே, விரல் பிசுக்கு பட்ட இடம் சூடேறி வெடிக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவனும் நான்தான். ஒரு நாடகத்தில் அவசரப்பட்டு வெறுங்கையால் மாட்டினேன். வெடித்தது. கீழே நடித்துக்கொண்டிருந்தவள் என் தங்கை. இடது கன்னம் முழுக்கத் தழும்பு. நாலு வருஷம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள்.

இப்போது நான் லைட் போடும் படத்தில் அவளுக்கு ஒரே ஒரு காட்சி. "இடது பக்கம் தெரியாதுல்ல?" என்று பஸ்ஸில் மூன்று தடவை கேட்டாள்.

"லைட்டு என் கையில இருக்கு. எவன் கண்ணுக்கும் தெரியாது," என்றேன்.

கதவை ஒடுக்கி, நிழலை மூக்குத் தண்டோடு நிறுத்தினேன். மானிட்டரில் வலது பாதி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். என் வயிறு குளிர்ந்துபோனது.

டேக்குக்கு முன்னால் டைரக்டர் என் காதருகே வந்தார். "கடைசி வரியில கையைத் தூக்குவேன். இடது கதவைத் திறந்துடுங்க. அந்தத் தழும்புக்காகத்தான் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டதே. முன்னாடியே சொல்லிடாதீங்க, மூஞ்சியில அதிர்ச்சி வரணும்."

"சார், அவ என் தங்கச்சி."

"தெரியும். அதான் உங்ககிட்ட பக்குவமா சொல்றேன்."

திறப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். சத்தியமாக. வேலை போனால் மயிரே போச்சு. கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதே மூடி வைக்கத்தான்.

கேமரா ஓடியது. என்னமாய் நடித்தாள்! எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரி வந்தது. டைரக்டரின் கை மேலே போனது ஓரக்கண்ணில் பட்டது. அவ்வளவுதான், என் கை தன்பாட்டுக்குத் திறந்துவிட்டது.

வெளிச்சம் தழும்பில் விழுந்தது. அவள் ஒரு கணம் தடுமாறினாள். ஆனால் நகரவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். பாவி நான், அப்புறம்தான் கதவை மூடினேன்.

கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "சூடு பட்டதுமே தெரிஞ்சுபோச்சு. யாருண்ணா திறந்தது?"

அவள் பார்வை, இன்னும் கதவின் மேலேயே இருந்த என் கைக்குப் போனது.

"வேற யாரோன்னு சொல்லேன்," என்றாள். "நம்பிக்கிறேன்."