முதலிலிருந்து சொல்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டே விவேக் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தான்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

இரண்டு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டு, அவரிடமே தமிழ் பழகிய வங்காளி ஆயா மஹிமா கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு அவர் காகு, சித்தப்பா; இவன் தாதா, அண்ணன். "காகு உன்னைத்தான் கேட்டாரு, தாதா. 'சண்டே விவேக் வருவான்'னு."

"சண்டேன்னா சொன்னாரு?"

"சத்தி, நிஜமாத்தான் தாதா. சண்டே."

மாட்டிக்கொண்டாள். அப்பா ஜம்புநாதன் வாயில் ஞாயிற்றுக்கிழமைதான் உண்டு. கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவர், டாலிகஞ்ச் வீட்டுக்குள் ஒரு பிறமொழிச் சொல்லை விட்டதில்லை. யாராவது கலந்து பேசினால் "முதலிலிருந்து சொல்" என்பார். வாக்கியம் சுத்தமாகும்வரை சோறு ஆறும். மனைவி ஷியாமளா, மகன் விவேக் என்ற இரண்டு பெயர்களை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எட்டு மாதம் முன்பு, நியூ டவுனில் வீடு வாங்கியதைச் சொல்ல விவேக் ஓடிவந்தான். 'ஃபிளாட்'டில் ஒருமுறை, 'ஏழாவது ஃப்ளோர்' என்றதும் ஒருமுறை, 'பால்கனி'யில் ஒருமுறை முதலுக்கே திருப்பி அனுப்பப்பட்டான். தட்டைத் தள்ளிவிட்டுப் போனவன், இன்று காலைதான் மறுபடி இந்த வீட்டுப் படி ஏறினான்.

"என் மனசு ஆறட்டும்னு நீயா சேத்துச் சொல்றியா?"

மஹிமா தலையணைக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். "உனக்கு மெசேஜ். அவர் எழுதிக் குடுத்தா நான் மொபைல்ல போட்டோ எடுத்து அனுப்பணும். இன்னும் சரியா வரல, நாளைக்குன்னே சொல்லிட்டிருந்தாரு."

அப்பாவின் கையெழுத்துதான். அதையும் நம்பாமல் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான்.

'அன்புள்ள விவேக், வரும் ஞாயிற்றுக்கிழமை இல்லத்திற்கு வருகை தரவும்.' அடித்திருந்தது.

'விவேக், ஞாயிறு வீட்டுக்கு வா.' அடித்திருந்தது.

'விவேக், சண்டே ஃப்ரீயா? உன் பால்கனி பாக்கணும்.' அடிக்கவில்லை. 'பால்கனி'க்கு முன்னால் மட்டும் பேனா நெடுநேரம் நின்றதில் மை திரண்டிருந்தது.

அம்மா போனோடு வந்தாள். "சேலத்துலேர்ந்து பெரியப்பாடா. என்னால முடியல, நீயே சொல்லிடு."

"பெரியப்பா, அப்பா மார்னிங் சிக்ஸ் தர்ட்டிக்கு..."

நின்றான். வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை மறு காதுக்கு மாற்றினான்.

"பெரியப்பா, அப்பா இன்னிக்குக் காலையில..."