தேய்மானம் நூற்றுக்கு நாற்பது

கம்பெனி பெயரில் கரண்ட் கார் வாங்கினால் பின் சீட்டில் ஒரு வரி அதிகாரியும் சேர்ந்து வருவார். ஸ்டெப்னி மாதிரி. அவரை இறக்கிவிட முடியாது. எங்கள் காருக்கு வந்தவர் ஒல்லியான ஆள். மடியில் ஒரு பச்சை நோட்டு. சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார், ஏசியைக் குறைக்கச் சொல்ல மாட்டார்.

அவருக்கு ஒரே வேலைதான். ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் "கம்பெனி" என்பார், அல்லது "சொந்தம்" என்பார். சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்வார்.

கோயமுத்தூர் கணபதியில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் செய்கிறோம். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மிஷின், எட்டு ஆள். கம்பெனி என் மனைவி துளசிமணி பெயரில். எங்கள் சந்தில் பாதிப் பட்டறைகள் சம்சாரம் பெயரில்தான் ஓடுகின்றன. நான் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு காகிதத்தையும் படித்துப் பார்த்ததில்லை. "நீங்க சொன்னாச் சரிதானுங்" என்பாள்.

கார் வாங்கச் சொன்னவர் ஆடிட்டர் நாகசுந்தரம்.

"பெட்ரோல் காருன்னா தேய்மானம் வருஷத்துக்கு நூத்துக்குப் பதினஞ்சுதானுங்க கழிக்கலாம். கரண்ட் காருன்னா நாப்பது. தேயத் தேய உங்களுக்கு வரி கம்மி."

தேய்வது இவ்வளவு நல்ல விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வார்ப்பு எடுத்துவர ஃபவுண்டரிக்குப் போனால் "கம்பெனி." மூட்டு வலிக்குத் துளசியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் "சொந்தம்." சொந்தம் கூடினால் கழிவு குறையும். அவள் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் பின்னாலிருந்து "சொந்தம்" என்று வந்துவிடும்.

"ஏனுங், நான் ஏறினா மட்டும் இவரு ஏன் இப்படிச் சொல்றாரு?"

"நீ சொந்தந்தானே அம்மிணி."

அவளுக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. எனக்குத்தான் வயிறெரிந்தது.

ஆயுத பூஜையன்று பொட்டு வைத்ததெல்லாம் கம்பெனிச் சொத்து. வைக்காததெல்லாம் சொந்தம். அன்று ஒரு நாள் மட்டும் அதிகாரி காரை விட்டு இறங்கிப் பட்டியல் எடுப்பார். இது ஊரறிந்த நடைமுறை.

சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகக் கிளம்பினேன். லேத்துக்கு வைத்தேன். டிரில்லிங் மிஷினுக்கு, தராசுக்கு, ஸ்பானர் பெட்டிக்கு, மீட்டர் பெட்டிக்கு. அப்புறம் கார். கண்ணாடிக்கு மூன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று. துளசி கால் வலிக்கிறது என்று முன் சீட்டில் உட்கார்ந்து பொரிகடலையைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள். கை போன வேகத்தில் அவள் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டேன்.

"எனக்குமுங்களா?" என்று சிரித்தாள்.

அதிகாரி எழுதினார். "லேத், மூன்று. தராசு, ஒன்று. கார், ஒன்று. முன் சீட்டில் பெண், ஒன்று."

"அட, அது என் சம்சாரமுங்க."

"பொட்டு இருக்கு."

"பொம்பளைன்னா பொட்டு இருக்கத்தானுங்க செய்யும்."

"அது அவங்க வெக்கறது. இது நீங்க வெச்சது. வேண்டாம்னா துடைச்சிருங்க. மொதலாளி கையெழுத்துப் போடறதுக்குள்ள."

ஆடிட்டருக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் கால்குலேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"துடைக்காதீங்க," என்றார். "அவங்களும் சொத்துன்னா, கார்ல சொத்துதானுங்க போகுது. சொந்த உபயோகமே இல்லை. நாப்பதும் முழுசாக் கிடைக்கும்."

துளசி முந்தானை நுனியை நெற்றிக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"துடைக்கட்டுமுங்களா?"

"இருக்கட்டும் விடு," என்றேன். "ஒரு கையெழுத்துத்தானே."

பட்டியலில் நான் விரல் வைத்த இடத்தில் துளசிமணி என்று போட்டாள். படிக்கவில்லை.

மறுநாள் அவள் காரில் ஏறியதும் பின்னாலிருந்து "கம்பெனி" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே சொந்தம்னு சொல்ல மாட்டாருங்களா?"

"மாட்டாரு."

அப்புறம் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி தேய்மானம் கழித்தார்கள். கார் அப்படியே இருந்தது. துளசியில் நூற்றுக்கு நாற்பது குறைந்துவிட்டது. பத்து வார்த்தை பேசினால் ஆறுதான் காதில் விழும். பத்துத் தோசைக்கு ஊற்றினால் ஆறு வரும். சேலையில் ஐந்து மடிப்பு வைக்கிறவள் ஒன்பது வைத்தாள், அப்படியும் துணி மிச்சம் இருந்தது. மூட்டு வலியும் குறைந்திருந்தது. அதை மட்டும் நல்லது என்று சொல்லிக்கொண்டேன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். நடக்க நடக்க நடைபாதை நீண்டது. பதினான்காம் நம்பர் ஜன்னல் கண்ணுக்கு எதிரே இருந்தது. போய்ச் சேர மதியமாகிவிட்டது. துளசி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடித்திருக்கிறாளா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

"பட்டியல்ல இருந்து ஒரு சொத்தை எடுக்கணுமுங்க," என்றேன்.

"வித்தாச்சா?" என்றார் ஜன்னலில் இருந்தவர்.

"இல்லீங்க."

"உடைஞ்சு போச்சா?"

"ஐயோ, என் சம்சாரமுங்க."

"எடுக்கணும்னா மொதலாளி கையெழுத்து வேணும்."

"மொதலாளியே அவதானுங்க. இதோ நிக்கறா."

காகிதம் கொடுத்தார். துளசி கையெழுத்துப் போட்டாள். துளசி என்பதோடு பேனா நின்றுவிட்டது. அவர் பழைய கையெழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அறுபது சதவீதம்தான் ஒத்துப்போகுது. முழுக் கையெழுத்தோட வாங்க."

"முழுசா இருந்தா நான் ஏனுங்க இங்க வர்றேன்?"

"அடுத்தவங்க வாங்க."

எனக்கு அழுகை வந்தது. அங்கே அழுவதற்கும் ஒரு படிவம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள், கம்பெனி, சொந்தம். சொந்தம் என்று டிக் அடித்துக் கொடுத்தேன். அனுமதி இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான். யாரைக் குறை சொல்ல?

அடுத்த மார்ச்சில் துளசி நூற்றுக்கு முப்பத்தாறு ஆனாள். அதற்கடுத்த மார்ச்சில் இருபத்தொன்று புள்ளி ஆறு. ஆடிட்டர் எனக்குத் தைரியம் சொன்னார்.

"பயப்படாதீங்க. மிச்சம் இருக்கறதுலதானுங்க நாப்பது கழிக்கறோம். எத்தனை வருஷமானாலும் பூஜ்யம் ஆகவே ஆகாது."

ரொம்ப நன்றிங்க என்றேன். வரி குறைந்திருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் அவளைத் தேட ஆரம்பித்தேன். அடுப்படியில் இருப்பாள் என்று போனால் ஹாலில் இருப்பாள். பொட்டை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். நான் வைத்த பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. குங்குமம் செலவுக் கணக்கில் போன பொருள், அதற்குத் தேய்மானம் கிடையாது என்றார் ஆடிட்டர்.

அவளை முன் சீட்டில் உட்கார வைத்து சீட் பெல்ட்டை நானே மாட்டிவிடுவேன். பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கும். "கம்பெனி" என்பார் அதிகாரி. சும்மா இருய்யா என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஏழாவது ஆயுத பூஜை வந்தது. துளசி நூற்றுக்கு நாலே முக்காலுக்கும் கொஞ்சம் குறைவு. அதிகாரி காரை விட்டு இறங்கிச் சோம்பல் முறித்தார்.

"புது உத்தரவு வந்திருக்கு," என்றார். "மொதலாளி கையெழுத்து வேண்டாம். துடைச்சாப் போதும். அவங்க சொந்தம்."

சந்தனக் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். துண்டை நனைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தேன். முன் சீட்டில் பொட்டு இருந்தது. அதைச் சுற்றி, கண்ணை இடுக்கிப் பார்த்தால், துளசி இருந்தாள்.

துடைத்தால் சொந்தம். துடைத்துவிட்டால் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி சீட் நனைந்தது.

"அம்மிணி, துடைக்கட்டுமா?"

அவள் இருபது வார்த்தையாவது பேசியிருப்பாள். ஒன்றுதான் காதில் விழுந்தது.

"இருக்கட்டும்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். கிண்ணத்தை எடுத்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன். அதிகாரி குனிந்து எட்டிப் பார்த்து எழுதினார்.

"முன் சீட்டில் பொட்டு, ஒன்று."

"பெண்ணுன்னு எழுதுங்க சார்."

"எங்க?" என்றார்.

நான் விரல் வைத்துக் காட்டினேன்.