முனி பூசைக்கு நாடு பூராவும் லீவு

ஹந்தானைத் தோட்டத்து முனியாண்டிக் கல்லுக்குப் பூசை வைக்கும் கறுப்பையா, காகிதத்தைக் கண்டாலே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களை நம்பவும் மாட்டார்.

தொழிற்சங்கத்துக் கணேஸ் அன்று அவர் வாசலில் நின்று நீட்டிய காகிதம் கொழும்புக்குப் போக வேண்டியது.

"மாமா, முனி பூசைக்கு நாடு பூராவும் லீவு கேக்குறோம். பூசாரி நீங்க. மொத கைநாட்டு உங்களோடது."

"வாசி."

வாசித்தான்.

"இன்னொருக்கா வாசி. ரெண்டும் ஒண்ணானு பாக்கணும்."

கணேஸ் பெருமூச்சோடு மறுபடி தொடங்கினான். 'பௌர்ணமிப் போயா தினத்தைப் போலவே' என்ற இடத்தில் கறுப்பையா மறித்தார்.

"போயாவா? போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டு. சாராயக் கடை பூட்டு. அறுத்தா பொலிஸ் வரும். முனிக்கு என்னத்தடா படைக்கிறது, பருப்பு வடையா?"

கூடி நின்ற லயத்து வீடுகளின் சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. போன வருடம் நடக்க முடியாமல் கிடந்தபோது, கால் சரியாகட்டும் என்று செஞ்சேவல் ஒன்றை நேர்ந்துவிட்டிருந்தார். சேவல் போய்ச் சேராவிட்டால் முனி காலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கணேஸ் அடித்து எழுதினான்: இறைச்சிக்கும் சாராயத்துக்கும் தடையில்லை.

"சரி. நாடே லீவுன்னா வேலையத்த சனம் எங்க வரும்? இங்கதான். மந்திரிமாரும் வருவாங்க. அவங்களுக்குத் தொடையக் குடுத்துட்டு முனிக்கு எறகையா குடுக்கிறது?"

"அப்ப எல்லாரும் அவங்கவங்க வீட்டுலயே இருக்கணும்னு எழுதவா?"

"எழுது. கட்டாயம்னு எழுது."

கணேஸ் பேனாவை மூடினான். "சாராயக் கடையத் தொறந்து வச்சிட்டு, சனத்த வீட்டுல பூட்டுற லீவ எவன் மாமா தருவான்?"

உள்ளேயிருந்து கறுப்பையாவின் மனைவி பேச்சியம்மா குரல் கொடுத்தாள். "பூச அன்னிக்கு, வெள்ளிக்கிழம அரை நாள் குடுங்கன்னு நம்ம தோட்டத்துத் தொரைகிட்டக் கேட்டா வாய் வெந்துருமா?"

கணேஸ் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் இரண்டே வரி எழுதினான். கறுப்பையா அதையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பெருவிரலை மையில் தோய்த்தார்.

"தொர முடியாதுன்னுட்டா?" என்றான் கணேஸ்.

"முப்பது வீட்டுக்கும் காச்சல்," என்றார் கறுப்பையா. சனத்தைத் திரும்பிப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "வயித்தாலடின்னு யாரும் சொல்லிப்புடாதீங்க. போன வருசம் அதத்தான் சொன்னோம்."