கேளாமல் எடுத்தது

என் பெயர் இஹ்ஸான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லாமல் விட்ட பெயர் அது.

கல்முனையில் எனக்கொரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. வெளிநாட்டுக் கோல், போட்டோ கொப்பி, நாலு கம்பியூட்டர். வாசலில் ஒரு மேசை போட்டு, பழைய டைப்ரைட்டரோடு நல்லரெத்தினம் அண்ணன் இருப்பார். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் மனுக் கொடுக்காத குடும்பம் இல்லை. தமிழ் ஆட்களுக்கும் எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கும் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அவருடைய மனுக்களில் ஒரு வசனம் தவறாமல் வரும்: "கடல் கேளாமல் எடுத்த என் தோணி", "கடல் கேளாமல் எடுத்த என் மனைவி". முதன்முதலில் அதைத் தன் மகள் உசாந்தினியின் மரணச் சான்றிதழுக்காக எழுதினார். ஆறு வயதுப் பிள்ளை, உடல் கிடைக்கவில்லை. பிறகு யார் வந்து அழுதாலும் அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கும் ஒரு வழக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணப் பேச்சே கிடையாது. ஐந்து வருடம் தகரக் கொட்டிலில் கிடந்த பிறகு, 2009இல் புது வீடுகளின் பட்டியலில் நாற்பத்தோராம் இலக்கம் என் தங்கை முஸ்பிறாவின் பெயரில் வந்தது. வீட்டுக் கமிட்டிச் செயலாளர் பதியுதீன், "சின்ன அலுவல்தான்" என்று வெற்றுத் தாளில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார். அடுத்த மாதம் அந்த வீட்டு வாசலில் அவர் மகளின் கலியாணப் பந்தல். முஸ்பிறாவைப் பேசி வைத்திருந்தவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் அழவில்லை, ஆனால் என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டாள்.

வெளியில் சொல்ல முடியுமா? யுத்தம் முடிந்து பட்டாசு கொளுத்தி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தவன் எவனும் அதைக் கழற்றவில்லை.

கட்டாரில் இருந்த என் கூட்டாளி சாலிஹ்தான் போனில் வழி சொன்னான். "மச்சான், ஒரு நெட்வேர்க் இரிக்கி. அதுக்கு நடுவில பெரிய கம்பியூட்டர் ஒண்டும் இல்ல. ஒவ்வொருத்தண்ட மெஷினும் மத்தவண்ட கடிதத்தக் காவிக் கொண்டுபோகும். ஆர் எழுதின, எங்க இரிந்து எழுதின எண்டு ஒருத்தனுக்கும் விளங்காது. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

அதை இணையத்திலிருந்து இறக்குவதற்கே ஒரு இரவு போனது. முதலில் உலகத்தில் மூன்று கம்பியூட்டர்கள்தான் என்னுடையதைச் சேர்த்துக்கொண்டன. மதியம் ளுஹர் பாங்கு சொல்லும்போது இருபது. பின்னேரம் அஸர் தொழுகைக்குள் நான் உள்ளே. அங்கே தனியாக மெயில், தனியாக அரட்டை, தனியாகத் தளங்கள். பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. செக்பொயின்ட்டில் இறங்கி ஏறியே வளர்ந்தவன் நான். உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது. எனக்கென்று ஒரு தளம் திறந்தபோது ஒரு சாவிக் கோப்புத் தந்தது. அது யாரிடம் இருக்கிறதோ அவனே எழுதியவன். வேறு அத்தாட்சி கிடையாது.

முஸ்பிறாவின் பெயர் இருந்த பழைய பட்டியலையும், பதியுதீனின் மகள் பெயர் ஏறிய புதிய பட்டியலையும் போட்டேன். கூடவே ஒரு பக்கம் எழுத வேண்டும். முறைப்பாடு என்றால் எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுதான், ஐந்து வருடம் என் கடை வாசலில் நான் பார்த்த எழுத்து. "கடல் கேளாமல் எடுத்தது. கமிட்டி கேட்டு, கையெழுத்தும் வாங்கி எடுத்தது." எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாலிஹ் அதை, எந்த நெட்வேர்க்கில் வந்தது என்ற குறிப்போடு வெளியே கொண்டுபோய், நம் ஊர் ஆட்கள் பார்க்கும் இணையப் பக்கமொன்றில் போட்டான். ஒரு கிழமைக்குள் அச்செடுத்து மார்க்கட் சுவரில் ஒட்டிவிட்டார்கள். சனம் வாசித்துச் சிரித்தது. வாசித்த எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "இது நல்லரெத்தினத்தாரிட எழுத்தெல்லோ!"

பதியுதீனுக்குக் கம்பியூட்டர் தெரியாது, எங்கே போய்க் கதைப்பது என்று தெரியும். தமிழன், கள்ள நெட்வேர்க், வெளிநாட்டுத் தொடர்பு. அந்த நாட்களில் இந்த மூன்றும் போதும். சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து, பாதி அடித்த மனுவோடு நல்லரெத்தினம் அண்ணனை மேசையிலிருந்து எழுப்பினார்கள். "தம்பி, வீட்டுக்குச் சொல்லிருங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அவரைக் கொண்டுபோனதும் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன். நெட்வேர்க், தளம், சாவி எல்லாம் போனது. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இன்றைக்கும் என்னை அரிப்பது அதுதான்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி சுலோஜனா அக்கா கடைக்கு வந்தார். "தம்பி, இவருக்கு ஒரு மெயில் பாக்கிறதெண்டாலும் நீங்கதானே திறந்து குடுக்கிற. அத வந்து அவங்களுக்கிட்டச் சொல்லுங்களன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அண்ணனை வைத்திருந்த இடத்துக்கு அக்காவோடு போனேன். அதிகாரியின் முன்னால் நின்று, "நான்தான் எழுதின" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப காட்டு" என்றார் அதிகாரி.

"அழிச்சிட்டன் சேர்."

அவர் சிரித்தார். "கூட்டாளியைக் காப்பாற்ற வந்திருக்கிறாய். நல்ல மனிசன். வீட்டுக்குப் போ."

அவனாவது சாட்சி சொல்லுவான் என்று சாலிஹுக்குப் போன் எடுத்தேன். மூன்று தரம் அடித்தது, பிறகு அணைத்துவிட்டான். நான்தான் என்று சொல்ல உலகத்தில் ஒரு கம்பியூட்டரும் இல்லை. அதற்காகத்தானே சேர்ந்தேன்.

வெளியே பஸ் தரிப்பிடத்துக்கு வந்தோம். கல்முனை பஸ் வந்து போனது, அக்கா ஏறவில்லை.

"மெய்யா தம்பி?"

"ஓம் அக்கா."

"அது எங்கட புள்ளைக்கு எழுதின வசனம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவர் தந்திருப்பாரே, தம்பி."