பாத்தியில் ஒரு ஆள்

மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த வினோதினிக்கு இரண்டு வேலைகள் கிடைத்திருந்தன. ஒன்று ஸ்ரீபெரும்புதூர் கார் தொழிற்சாலையில் ரோபோக்களைப் பராமரிப்பது; மற்றது மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் ரோபோவைப் பழக்குவது. முடிவெடுக்குமுன் உப்பளச் சோதனையை நேரில் பார்க்க வந்திருந்தாள்.

உச்சி வெயிலில் ஓடிய ரோபோ பாத்தி நடுவில் நின்றுவிட்டது. எதிரே யாருமில்லை. ரோபோவின் கேமரா காட்சி ஓடிய இன்ஜினியர் கலையரசனின் லேப்டாப்போ, அந்த வெற்றிடத்தில் ஒரு ஆள் இருப்பதாகப் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டியது.

“கேமராவுக்கு வெயில் கூசுது, அதான். நீ போய் அங்க நில்லும்மா, நிஜ ஆளைப் பார்த்தா சரியாயிடும்,” என்றார் அவர்.

அவள் போய் நின்றாள். அந்த வெயிலிலும் இடது கை மட்டும் சில்லிட்டது.

“இப்ப எத்தனை பேர்னு காட்டுது சார்?”

அவர் திரையருகே குனிந்தார். “ரெண்டு. நீ வெளியே வந்துடு.”

வரப்பேறிப் பார்த்தாள். திரையில் ஒரு கட்டம் இன்னும் பாத்தியிலேயே இருந்தது.

“அதைக் கண்டுக்காம போற மாதிரி மாத்திடலாம்,” என்றார் கலையரசன்.

“வேணாம் சார். ஆள் நின்னா சுத்திப் போகட்டும். நான் இங்கயே சேர்ந்துடுறேன்.”

அப்படியே மாற்றினார்கள். ரோபோ விலகி உப்பு வாரத் தொடங்கியதும், கட்டம் மெல்ல நகர்ந்து அதன் பின்னாலேயே போனது.