கலக்கலுக்கு ஒருநாள் முன்பு

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. எறணாகுளத்தில் எங்கள் கீழ்வீட்டு சயின்ஸ் டீச்சர் ஷைனி, பால் விடாத கட்டன்சாயாவை ஆறவிட்டுச் சொன்னது. அவர் முடிக்கும் முன்பே நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்:

‘பச்சைப் பசேலென்ற நெற்பயிர்களுக்கு நடுவே பிள்ளைகள்…’

(அடித்துவிட்டேன். சித்திரை விஷு சமயத்தில் வைப்பின் தீவு வயலில் நெல் ஏது? அறுப்பு முடிந்து, தண்ணீரும் இறாலும்தான். டீச்சர் பார்த்தால் காதைத் திருகுவார்.)

2

கோடை லீவில், அறிவியல் மன்றப் பிள்ளைகளை நீர்ப்பூச்சி பார்க்க பைலி என்பவரின் இறால் வயலுக்கு அழைத்துப்போனார் டீச்சர். “ஒரு புகார் வந்தாலும் இனிமே பயணமே கிடையாது” என்று பிரின்சிபல் முன்பே சொல்லியிருந்தார்.

பைலியின் குத்தகை மறுநாள் முடிகிறது. முடிந்தபின் ஊரில் யார் வேண்டுமானாலும் இறங்கி மிச்சத்தைப் பிடிக்கலாம்; அதற்குப் பேர் கலக்கல். அதுவரை வெளியாள் ஒருவரும் அதில் கால் நனைக்கமாட்டார். பிள்ளைகளை மட்டும், போனால் போகிறதென்று, ஓரத்தில் இறங்க விட்டார் பைலி.

ஒருத்தியின் வலையில் இறால் துள்ள, அத்தனை பேரும் கூச்சல் போட்டார்கள். அது அக்கரைக்குக் கேட்டது.

“டேய், கலக்கல் தொடங்கியாச்சுடோய்!”

கூடையும் குடமுமாக ஊரே தண்ணீரில் குதித்தது. தடுக்க பைலிக்குக் கை இரண்டுதானே.

3

முதல் பிரதியில் பைலியைக் கஞ்சனாக்கினேன். “அந்த மனுஷனைப் பத்தி அப்படி எழுதினா உங்க கை விளங்காது” என்றார் டீச்சர். அடுத்ததில் புனிதராக்கினேன். அதுவும் பொய். அன்று பைலி ஊராரைத் திட்டிய திட்டை டீச்சர் என்னிடம் சொல்லவே மறுக்கிறார்.

நடந்தது இதுதான். டீச்சர் கரையில் நின்று அழுதார். “சேட்டா, தப்பு எங்களோடது.”

“அழுதா இறால் திரும்பி வருமா டீச்சரே?” சட்டையைக் கழற்றி வீசிவிட்டு பைலியும் குதித்தார். “பிள்ளைங்களா, வாங்க! பிடிக்கிறதெல்லாம் என் கூடையில போடணும். வேற எவன் கூடையிலயாவது போட்டீங்க, பூச்சியோட சேர்த்து உங்களையும் பாட்டில்ல அடைச்சிடுவேன்!”

கூடை பாதிதான் நிரம்பியது. ஆனால் ஒரு பிள்ளையும் பயந்துகொண்டு வீடு திரும்பவில்லை. “அந்த ஆளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?” என்று சொல்லும்போது டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

4

முடிவு அ: ஊரார் மனம் மாறி, பிடித்ததையெல்லாம் திருப்பிக் கொட்டினார்கள். (நம்புவீர்களா? நான் நம்பவில்லை.)

முடிவு ஆ: பைலி பள்ளிக்குப் போன் செய்தார்.

இரண்டாவதுதான் நடந்தது. டீச்சரை எதிரே நிறுத்திவைத்து பிரின்சிபல் ஸ்பீக்கரைப் போட்டார்.

“நல்ல பிள்ளைங்க சார். அடுத்த வருஷமும் அனுப்புங்க. ஒருநாள் கழிச்சு அனுப்பினாப் போதும்.”

போனை வைத்துவிட்டு பிரின்சிபல் டீச்சரைப் பார்த்தார். “அதென்ன, ஒருநாள் கழிச்சு?”

மறைத்தால் பயணம் பிழைக்கும். சொன்னால்தான் பைலி எப்பேர்ப்பட்டவர் என்று தெரியும்.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: ஷைனி டீச்சருக்கு நன்றியை வாய்க்குள் பூட்டிவைக்கத் தெரியாது.